தயிர் உறையாத பால்: மாட்டுக்கும் கோழிக்கும் போடும் மருந்துகளில் எவற்றை நிறுத்த வேண்டும்?

வவுனிக்குளம்_பால்காரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் மூன்று கறவைப் பசுக்கள் இருக்கின்றன. காலைப் பாலில் பெரும்பங்கு சங்கத்துக்குப் போகும், மிச்சத்தைக் காய்ச்சி உறைய வைத்து மல்லாவியில் இரண்டு கடைகளுக்குத் தயிராகக் கொடுக்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டி ஒரு வீட்டில் அன்னதானத்துக்கென்று 12 முட்டி தயிர் கேட்டார்கள். என் பால் போதவில்லை, பக்கத்து வளவில் 8 லீற்றர் வாங்கினேன். ஒரே அடுப்பு, ஒரே உறைமோர், ஒரே இரவு. விடியத் திறந்து பார்த்தால் என் பாலில் வைத்த ஏழு முட்டியும் கத்தியால் வெட்டலாம் போல இறுகியிருக்கின்றன, வாங்கிய பாலில் வைத்த ஐந்தும் பாலாகவே நிற்கின்றன. புளிப்புக்கூட ஏறவில்லை. மத்தியானம் வரை வெயிலில் வைத்துப் பார்த்தேன், அதே கதைதான். பிறகு கெட்ட மணம் வந்தது, கொட்டிவிட்டேன்.

அந்த அண்ணையிடம் போய்க் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். ஒரு பசுவுக்கு மடி வீங்கிப் பால் திரி திரியாக வந்திருக்கிறது. ரவுனில் ஒரு கடையில் விஷயத்தைச் சொல்லி ஊசி மருந்து வாங்கி வந்து மூன்று நாள் தானே போட்டிருக்கிறார், மூன்று நாளும் அந்தப் பாலை மற்றப் பாலோடு கலந்து விற்றும் இருக்கிறார். போத்தலைக் காட்டினார். ரப்பர் மூடியில் நாலைந்து ஊசித் துளைகள், லேபல் பாதி கிழிந்து திகதி இருந்த இடமே இல்லை.

உறைமோரில் இருக்கிற கிருமியைக் கொல்லும் அளவுக்கு அந்தப் பாலில் மருந்து இருந்திருக்கிறது. முட்டியில் வைத்தபடியால் எனக்குத் தெரிந்தது, தேத்தண்ணிக்குள் ஊற்றிக் குடித்த வீடுகளுக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தை இருக்கிற இரண்டு வீடுகளும் அவரிடம்தான் பால் வாங்குகின்றன. அன்றிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வருடம் என் பசு சிவப்பிக்கு ஊசி போட்ட மறுநாளே நானும் சங்கத்துக்குப் பால் ஊற்றியிருக்கிறேன். எத்தனை நாள் விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் சங்கம் இது பற்றிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு கோரிக்கை மகஜர் கொடுக்க யோசிக்கிறது. சும்மா "தடை செய்" என்று எழுதிக் கொடுத்தால் குப்பைக்குத்தான் போகும். எந்த மருந்தை அடியோடு நிறுத்த வேண்டும், எது வைத்தியர் கையில் மட்டும் இருக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டிக்காரன்_ஒட்டுசுட்டான்

பிள்ளை, நீ சொல்வது உண்மைதான், ஆனால் தடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. 2021இல் ஓர் இரவுக்குள் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள். பசளை இல்லாமல் நெல் மஞ்சளித்து நின்றதை நீயும் பார்த்திருப்பாய். கார்த்திகையில் தடையை எடுத்தபோது விதைப்புக் காலம் போய்விட்டது. யார் கணக்குச் சொன்னது?

என்னிடம் 60 உருப்படி வரையில் பட்டி இருக்கிறது. 2009இல் பட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனவன் நான், திரும்பி வந்தபோது ஒரு மாடு இல்லை. ஒரு நாகில் இருந்து திரும்பத் தொடங்கினேன். 2022 மார்கழியில் அந்தக் குளிர்காற்றும் மழையும் அடித்த இரண்டு நாளில் 14 உருப்படி விறைத்துச் செத்தன. அதற்கு முன்னர் 2020இல் தோல் கழலை நோய். ஒவ்வொரு முறையும் வைத்தியர் வரும் வரை காத்திருந்தால் பட்டி மிஞ்சாது. ஒரு பிரிவு முழுவதற்கும் ஒரு வைத்தியர், அவருக்கு ஒரு வாகனம், அதற்கும் சில நாள் எண்ணெய் இல்லை. கையில் ஒரு போத்தல் மருந்து வைத்திருப்பது எங்களுக்கு ஆசையால் இல்லை, பயத்தால். அதையும் பறித்தால் நாங்கள் என்ன செய்வது?

கால்நடைவைத்தியன்_வவுனியா

ஐயா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஒரு நாளைக்கு 30 தொலைபேசி அழைப்பு வரும், பத்து இடத்துக்குத்தான் போக முடியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோல் கழலை நோய் வைரசால் வருவது. பக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் அன்டிபயோட்டிக் மருந்து அதை ஒன்றும் செய்யாது, புண்ணில் சீழ் பிடித்தால் மட்டும் உதவும். அந்த வருடம் கழலை கண்ட மாட்டுக்கெல்லாம் போத்தல் போத்தலாக ஏற்றினார்கள். அதில் பெரும்பகுதி வீண், மிச்சம் பாலிலும் இறைச்சியிலும் போனது.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். எல்லா மருந்தையும் ஒரே சாக்கில் போடக் கூடாது.

உணவுக்காக வளர்க்கும் எந்த விலங்குக்கும் போடவே கூடாதவை சில. முதலாவது குளோரம்பெனிக்கோல். முந்தி நெருப்புக் காய்ச்சலுக்கு (டைபொயிட்) மனிதருக்குக் கொடுத்த மருந்துதான். சில பேருக்கு அது எலும்பு மச்சையை அழித்து இரத்தம் உண்டாவதையே நிறுத்திவிடும். மருந்தாக எடுத்தவர்களில் 25,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. ஆளைப் பார்த்து வருவதுமில்லை, அளவைப் பார்த்து வருவதுமில்லை, அதனால்தான் இவ்வளவு வரை சாப்பிடலாம் என்று ஓர் எல்லை வைக்க முடியவில்லை. ஐரோப்பா 1994இல் கால்நடைக்கு நிறுத்திவிட்டது. அடுத்தது நைட்ரோபியூரான் வகை, கோழிக்குக் கழிச்சல் என்றால் கரைத்துக் கொடுத்த மஞ்சள் தூள் அதுதான். அது உடைந்து இறைச்சிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், வாரக்கணக்கில் போகாது, சமைத்தாலும் போகாது. மூன்றாவது கொலிஸ்டின். ஆஸ்பத்திரியில் வேறு எந்த மருந்தும் கேட்காத கிருமிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதைப் பன்றிக்கும் கோழிக்கும் தீனியில் கலந்து கொடுத்த சீனாவில், அதற்கு அடங்காத மரபணு ஒன்று ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். இந்தியா 2019 ஆடியில் கால்நடைக்குத் தடை செய்தது.

மற்றவை, பென்சிலின், ஒக்சிடெட்ராசைக்ளின் போன்றவை, வேண்டும். மடி நோய்க்கு அவை இல்லாமல் மாடு படும் வேதனையைப் பார்க்க முடியாது. அவற்றுக்குத் தடை தேவையில்லை, நாள் கணக்குத்தான் தேவை. மடிக்குள் ஏற்றும் குழாய் மருந்துப் பெட்டியிலேயே கடைசி மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பால் விடக் கூடாது என்று இருக்கும். சிலதுக்கு 3 நாள், சிலதுக்கு 4, சிலதுக்கு அதற்கும் மேல். நீண்ட நேரம் வேலை செய்யும் ஒக்சிடெட்ராசைக்ளின் ஊசி போட்ட மாட்டை 28 நாளுக்கு இறைச்சிக்கு வெட்டக் கூடாது என்று போத்தலில் இருக்கும். பூச்சிக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசி பால் தரும் பசுவுக்கு உரியதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. பாலில் பென்சிலினுக்கு உலக அளவில் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 4 மைக்ரோகிராம். 10 இலட்சம் அலகு உள்ள ஒரு குப்பியில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் இருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பாலுக்குள் வந்தால் போதும், 150 லீற்றர் பாலை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு பசுவின் பால் சங்கத்தின் முழுத் தாங்கியையும் கெடுக்கும் என்பது இதுதான்.

கிளிநொச்சி_அம்மா

டொக்டர், நன்றாகக் கொதிக்க வைத்தால் போகாதா? எனக்கு மூன்று வயதில் ஒரு பிள்ளை. பென்சிலின் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அப்புறம் புரொயிலர் கோழிக்கு ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் 42 நாளில் பெருக்க வைக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதையும் மகஜரில் போடச் சொல்லுங்கள்.

கால்நடைவைத்தியன்_வவுனியா

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. பென்சிலின் கொதியில் கொஞ்சம்தான் குறையும், குளோரம்பெனிக்கோல் அப்படியே இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மிகச் சிறிய அளவும் தடிப்பை உண்டாக்கலாம். உங்களுக்குப் பால் தருகிறவரிடம் நேரடியாகச் சொல்லி வையுங்கள், மாட்டுக்கு ஊசி போட்டால் சொல்ல வேண்டும் என்று.

ஹோர்மோன் விஷயம் தவறு. மகஜரில் போட வேண்டாம், போட்டால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். கோழி கெதியாக வளர்வது இனத் தெரிவாலும் தீனியாலும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஊசி குத்த எந்தப் பண்ணையாலும் ஏலாது. ஹோர்மோன் பிரச்சினை வேறு நாட்டு மாட்டிறைச்சியில் இருந்தது, ஐரோப்பா 1980களிலேயே அதை நிறுத்தியது. கோழியில் பார்க்க வேண்டியது தண்ணீரில் கலக்கும் மருந்தைத்தான்.

விசுவமடு_கோழிப்பண்ணை

டொக்டர் தண்ணீர் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நான்தான் கலக்கிறேன்.

எனக்கு ஒரு தடவையில் 1,500 குஞ்சுகள். குஞ்சு, தீனி, மருந்து எல்லாம் ஓரிடத்திலிருந்து கடனாக வரும், கோழி ஏற்றும்போது கழிப்பார்கள். குஞ்சு வந்த முதல் மூன்று நாளும் "என்ரோ" கலக்கச் சொல்லித் தாளில் எழுதியே தருவார்கள். நோய் இல்லை, வரக்கூடாது என்பதற்காக. மூன்றாம் வாரம் தும்மல் தொடங்கினால் திரும்பவும். அதுவரை சரி. பங்குனி சித்திரை வெயிலில் 35ஆம் நாள் கோழி மூச்சு வாங்கத் தொடங்கும். அப்போது இரண்டு நாளில் 40 கோழி செத்தால் கை தானாக மருந்துப் பைக்குப் போகும். 38ஆம் நாள் லொறி வந்து நிற்கும். இன்றைக்கு மருந்து குடித்த கோழி, இன்னும் ஐந்து நாள் பொறுங்கள் என்று நான் சொன்னால் லொறி அடுத்த பண்ணைக்குப் போய்விடும், ஐந்து நாள் தீனிக் காசும் என் தலையில். ஏற்றிவிடுவேன். என் வீட்டுக்கு வேண்டியதற்கு மருந்து குடிக்காத ஊர்க்கோழி வளவில் நிற்கிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும் என்று பட்டது.

கால்நடைவைத்தியன்_வவுனியா

அண்ணா, சொன்னதற்கு நன்றி. "என்ரோ" என்பது என்ரோபுளொக்சசின். அமெரிக்கா 2005இலேயே அதைக் கோழிக்கு நிறுத்தியது. கோழி வழியாக மனிதருக்கு வரும் வயிற்றோட்டக் கிருமி அந்த மருந்துக் குடும்பத்துக்கே அடங்காமல் போனதுதான் காரணம். நோய் வராமல் இருக்க என்று முதல் நாளிலிருந்தே கலப்பது மகஜரில் கட்டாயம் வர வேண்டிய விஷயம். தாளில் எழுதிக் கொடுப்பவருக்கும் பொறுப்பு இருக்க வேண்டும், கலக்கிறவருக்கு மட்டும் தண்டம் என்றால் அது நியாயம் இல்லை.

மன்னார்_இறால்

நான் இறால் வளர்ப்பில் வேலை செய்தவன். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போன ஆசிய நாட்டு இறாலில் டொக்டர் சொன்ன இரண்டையும், குளோரம்பெனிக்கோலையும் நைட்ரோபியூரானையும், கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் தீனி மூடைக்குக்கூடப் பற்றுச்சீட்டு கேட்டார்கள், குளத்துக்குள் என்ன கொட்டினோம் என்று கொப்பியில் எழுத வேண்டும், ஏற்றுவதற்கு முதல் மாதிரி எடுத்துப் போவார்கள். கஷ்டம்தான், ஆனால் பழகிவிட்டோம்.

ஐரோப்பாக்காரன் சாப்பிடும் இறாலுக்கு இவ்வளவும் செய்ய முடிகிறதென்றால் எங்கள் பிள்ளை சாப்பிடும் கோழிக்கும் குடிக்கும் பாலுக்கும் ஏன் முடியாது? கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது, செய்யத் தெரியும். எங்களுக்காகச் செய்யவில்லை. எனக்கு இதில் கோபம் வருகிறது.

ஓமந்தை_டென்மார்க்

ஓமந்தையில் பிறந்து, இப்போது டென்மார்க்கில் ஒரு பால் பண்ணையில் வேலை. இங்கு நடப்பதைச் சொல்கிறேன், பிரயோசனப்படும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புப் பட்டி கட்டுவோம். யார் கறக்க வந்தாலும் அந்தக் காலைப் பார்த்தவுடன் பாலை வேறு வாளியில் எடுப்பார்கள். காகிதத்தில் எழுதுவதும் உண்டு, ஆனால் விடிய நாலு மணிக்குக் காகிதத்தை யார் பார்ப்பது, கால்தான் தெரியும். பால் வண்டிக்காரர் ஒவ்வொரு முறையும் மாதிரி எடுத்துப் போவார், பிழைத்தால் அந்தப் பணம் பண்ணைக்காரன் பொறுப்பு.

1995இல் இந்த நாடு இரண்டு விஷயம் செய்தது. வளர்ச்சிக்கென்று தீனியில் கலந்த அவோபார்சின் என்ற மருந்தை நிறுத்தியது, அத்தோடு வைத்தியர் மருந்து விற்று இலாபம் எடுப்பதற்கும் கடிவாளம் போட்டது. இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்று இங்குள்ள பழைய ஆட்கள் சொல்வார்கள். எழுதிக் கொடுப்பவருக்கே விற்பனையில் இலாபம் என்றால் எழுத்துக் கூடத்தானே செய்யும். பிறகு வளர்ச்சி மருந்து முழுவதையும் நிறுத்தியபோது முதலில் பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது, அதையும் மறைக்கத் தேவையில்லை. கொட்டிலைத் துப்புரவாக வைத்து, குட்டியைத் தாயிடம் இன்னும் சில நாள் விட்டுச் சமாளித்தார்கள். ஐரோப்பா முழுவதும் 2006 தை முதலாம் திகதியில் இருந்து தீனியில் வளர்ச்சிக்கென்று அன்டிபயோட்டிக் கிடையாது.

வவுனிக்குளம்_பால்காரி

சிவப்புப் பட்டி! இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாமே. நாளைக்கே கட்டலாம்.

டொக்டர், ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கிழிந்த போத்தல் எப்படிக் கடைக்கு வந்தது? யார் பார்ப்பது அதை?

கால்நடைவைத்தியன்_வவுனியா

அதில்தான் ஓட்டை. கால்நடை மருந்தைப் பதிவதும் கட்டுப்படுத்துவதும் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தில் வருகிறது. மனித மருந்து 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில். தீனிக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. பால் விற்பனைக்கு வந்த பிறகு 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம், அங்கே பார்ப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஒரு சொட்டு மருந்து போத்தலிலிருந்து மாட்டுக்கும் மாட்டிலிருந்து பாலுக்கும் போகும் வழியில் இத்தனை கை மாறுகிறது. மகஜரில் இவர்கள் எல்லோரும் மாவட்டத்தில் ஒரு மேசையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பக்க வாசல் எப்படித் திறக்கும் என்பதற்கு இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்குளோபெனாக் மருந்தால், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஒரு இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. ஆனால் மனிதருக்கு என்று பெரிய குப்பிகளில் வந்ததை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். கடைசியில் 2015இல் மனித ஊசியையே 3 மில்லிலீற்றர் குப்பிக்கு மேல் விற்கக் கூடாது என்று கட்ட வேண்டி வந்தது. மெலொக்சிகாம் என்ற மாற்று மருந்தும் கையில் இருந்தபடியால்தான் விவசாயி மாறினான். மாற்று இல்லாத தடை பட்டிக்கார ஐயா சொன்ன உரத்தடை போலத்தான் முடியும்.

பட்டிக்காரன்_ஒட்டுசுட்டான்

இப்போது சரியாகப் பேசுகிறீர்கள். விஷமான மூன்றையும் நிறுத்து, நான் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் பால் கொட்டும் நாளுக்கு யார் காசு தருவது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் பசு ஒரு நாளைக்கு 5 லீற்றர் என்றால் 6 நாளைக்கு 30 லீற்றர். அது அவள் பிள்ளையின் ரியூசன் காசு. அந்தக் காசு போகாது என்று தெரிந்தால் யாரும் மருந்துப் பாலைக் கலக்க மாட்டார்கள். மனுசர் கெட்டவர்கள் இல்லை.

எங்கள் பக்கம் முந்திக் குளத்துக்குக் கட்டுவேலை வந்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோரும் போடுவோம். அப்படிச் சங்கத்தில் லீற்றருக்கு ஒரு ரூபா பிடியுங்கள். வைத்தியர் சீட்டோடு, சிவப்புப் பட்டியோடு வந்து பாலைக் கொட்டுகிறவருக்கு அதில் பாதிக் காசாவது கொடுங்கள். மற்றப் பாதியை அரசாங்கத்திடம் கேளுங்கள். நான் முதலில் போடுகிறேன்.

விசுவமடு_கோழிப்பண்ணை

ஐயா, கோழிக்கும் இதே வழி வேண்டும். லொறி வரும் திகதியை ஏழு நாளுக்கு முதல் எழுத்தில் தர வேண்டும் என்று மகஜரில் சேருங்கள். திகதி தெரிந்தால் எந்த நாளுக்குப் பிறகு மருந்து கிடையாது என்று என்னால் கணக்குப் பார்க்க முடியும்.

வவுனிக்குளம்_பால்காரி

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். மகஜர் கொடுத்துவிட்டோம். 212 கையெழுத்து, அதில் அந்தப் பக்கத்து வளவு அண்ணையின் கையெழுத்து இரண்டாவது. மூன்று மருந்தின் பெயர், கடைகளில் சீட்டில்லாமல் ஊசி மருந்து விற்கக் கூடாது, நோய் வராமல் கலக்கும் மருந்து, லொறித் திகதி, ஒரே மேசை, கொட்டிய பாலுக்குப் பாதிக் காசு, எல்லாம் இருக்கிறது. வாங்கி வைத்திருக்கிறார்கள், பதில் வரவில்லை. அடுத்த மாதம் திரும்பவும் போவோம். ஒரு ரூபா நிதி தொடங்கிவிட்டது.

இடையில் சிவப்பிக்கே மடி வீங்கிவிட்டது. இம்முறை வைத்தியரைக் கூப்பிட்டுக் காத்திருந்தேன், மறுநாள் வந்தார். மடிக்குள் குழாய் மருந்து, மூன்று தரம். பெட்டியில் 4 நாள் என்று இருந்தது. மகளின் பழைய பள்ளிக்கூட ரிபனில் ஒரு துண்டைக் காலில் கட்டினேன், அவள் உதறி உதறிக் கழற்றினாள், பிறகு கொம்பில் கட்டினேன். கன்று குடித்த மிச்சப் பாலை வாழையடியில் கிடங்கு வெட்டி ஊற்றினேன். முதல் நாள் ஊற்றும்போது கை கூசியது, பாலை மண்ணில் ஊற்றுவது எங்களுக்குப் பழக்கம் இல்லை.

ஒவ்வொரு இரண்டாம் நாளும் ஒரு குவளையில் கொஞ்சம் எடுத்து உறை விட்டுப் பார்த்தேன். உறைந்துவிட்டால் மருந்து எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, அதனால் பெட்டியில் உள்ள நாளை விடக் குறைக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னார், அதையும் நினைவில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் பால் உறையவே இல்லை. நாலாம் நாள் உறைந்தது, ஆனால் தண்ணீர் பிரிந்து தளதளவென்று நின்றது. மனம் கேட்கவில்லை, இன்னும் இரண்டு நாள் ஊற்றினேன். ஆறாம் நாள் குவளையை இன்று விடியச் சரித்துப் பார்த்தேன், அசையவில்லை. கொம்பு ரிபனை அவிழ்த்துவிட்டுத்தான் கறக்க உட்கார்ந்தேன்.